எண்டோர் நிலவும் காலகேயரும்

2015இல் வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்துக்காக ஐதராபாத்தின் ராமோஜி திரைப்பட நகரில் மகிழ்மதி என்னும் கற்பனைப் பேரரசு எழுப்பப்பட்டது. எஸ்.எஸ்.ராஜமௌலி அதனைத் தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே படமாக்கினார். மகிழ்மதியைக் கைப்பற்ற வரும் காலகேயர் மட்டும் அவ்விரு மொழிகளையும் பேசுவதில்லை. அவர்களுக்கெனக் 'கிளிக்கி' என்னும் தனிமொழியை மதன் கார்க்கி ஆக்கினார்.

போர்க்கதைகளில் அயலாரின் மொழியைப் பொருளற்ற ஓசையாகக் காட்டுவது பழைய வழக்கம். 'மிலேச்சர்' என்பதன் வடமொழி வேரும் 'பார்பரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் தெளிவற்ற பேச்சையே சுட்டுகின்றன. முல்லைப்பாட்டின் பாசறையில் அரசனைக் காக்கும் மிலேச்சர், நாவால் உரையாமல் உடற்குறிப்பால் உணர்த்துவோராக வருகின்றனர். அவர்களுக்கும் ஒரு தாய்மொழி இருந்திருக்கும். பாட்டில் அதற்கு இடமில்லை.

இவ்வழக்கம் விண்வெளிக் கதைகளுக்கும் சென்றது. 1983இல் வெளிவந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தில் பேரரசும் கிளர்ச்சியாளரும் எண்டோர் என்னும் கானகத் துணைக்கோளில் மோதுகின்றனர். அங்கு வாழும் ஈவாக்குகளின் பேச்சை உருவாக்கிய ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், கல்மிக் மொழியின் ஒலிகளை அடித்தளமாகக் கொண்டார்.

கல்மிக், காசுப்பியன் கடலின் வடமேற்கே வாழும் பௌத்த மக்களின் மொழி; மங்கோலிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. செர்மானியருக்குத் துணைபோனதாகக் குற்றஞ்சாட்டி, 1943 டிசம்பரில் ஸ்டாலின் அரசு அவ்வினத்தையே சைபீரியாவுக்கு நாடுகடத்தியது. ஏறத்தாழ 93,000 பேர் தொடர்வண்டிகளில் ஏற்றப்பட்டனர். குளிரிலும் பசியிலும் பல்லாயிரவர் மாண்டனர். 1957இல்தான் அவர்களது தன்னாட்சி நிலம் மீண்டும் நிறுவப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளியும் அச்சும் இழந்த அம்மொழி இன்று யுனெஸ்கோவின் அழிநிலை மொழிகளின் வரிசையில் உள்ளது.

கிளிக்கி எந்த மக்களின் மொழியிலிருந்தும் பறிக்கப்பட்டதன்று. குழந்தைகளுக்காகப் புனைந்த ஒரு விளையாட்டு மொழியிலிருந்து அது வளர்ந்தது. 'மின்' என்றால் நான். அதைத் திருப்பிய 'நிம்' என்றால் நீ. ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் அதற்கு வகுக்கப்பட்டன. ஆயினும் கருமை பூசிய உடல்களோடு திரையில் ஒலித்தபோது, அவ்விலக்கணம் அவையோரை எட்டவில்லை. அச்சுறுத்தும் ஓசையே எட்டியது. முல்லைப்பாட்டின் மிலேச்சரைப் போலக் காலகேயரும் பேச்சற்ற அயலாராகவே நின்றனர்.

எனினும் முடிவில் இவ்விரு மொழிகளின் நிலையும் ஒன்றன்று. கிளிக்கியை 2020இல் எழுத்துகளோடும் பாடங்களோடும் அதன் ஆசிரியர் இணையத்தில் வெளியிட்டார். விரும்புவோர் அதைக் கற்கலாம். எவரும் பிறப்பால் பேசாத மொழிக்கு மாணவர் கிடைத்தனர். எண்டோரின் ஒலியோ உலகெங்கும் கேட்டது. அதை ஈந்த மக்களின் பெயர் கேட்டோருள் மிகச் சிலரையே சென்றடைந்தது.