கிணற்று நீரும் சட்டத்தின் வழிகளும்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்றரையை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே பரந்துள்ள வயல் நிலத்தைப் படுவான்கரை என்றும் நம்மவர் வழங்குவர். இருபுறமும் உவர்நீர் சூழ்ந்த எழுவான்கரையிலே பல இடங்களில் ஆளுயரம் தோண்டுமுன்னரே நன்னீர் ஊறுவது வெளியூராருக்கு வியப்பளிப்பதாகும். மணலைக் கையாலே கிளறி நீர் அள்ளும் சிறு குழிக்குப் பூவல் என்னும் அழகிய பெயருமுண்டு. மாரிமழை மணலினூடே இறங்கி, தன்னிலும் கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்பதே இந்நன்னீராம். அதனைக் காப்பதற்குக் களிமண் படையோ கருங்கற் பாறையோ மேலே இல்லை. தரையிற் சிந்துவது எதுவாயினும் நீரை அடைய நெடுநாட் செல்லாது.

இந்நீர் எத்துணை மென்மையானது என்பதை 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நமக்கு உணர்த்திற்று. கரையோரக் கிணறுகள் ஒரே நாளில் உவர்ப்பாயின. எனினும் உப்பை இயற்கை தந்தது. பின்வந்த மாரிமழைகள் அதனைப் படிப்படியாகக் கழுவின. எண்ணெயும் சாயமும் கிருமிநாசினியும் ஆலைக்கழிவும் அவ்வாறு எளிதிற் கழுவப்படுவனவல்ல. அவற்றை நிலத்தில் விடுபவர் மனிதர். ஆதலின் அவற்றுக்கு விடை கூறவேண்டியவரும் மனிதரே. அவ்விடையை எங்கே, எவ்வாறு கேட்பது? ஊர்க்கிணறு கெட்டவிடத்து ஊரவருக்குச் சட்டம் எவ்வெவ் வழிகளை எக்காலத்திலே திறந்துவிட்டது என்பதை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய முற்படுகின்றது.

நமது நாட்டுச் சட்டம் நீரைப்பற்றி நெடுங்காலமாகவே கவலைப்பட்டு வந்துள்ளது. ஆனால் அக்கவலை முதலிலே வயல் நீரைப் பற்றியதாகவே இருந்தது. வயல்களுக்கு நீர் பங்கிடும் பழைய வழமைகளை மீட்டு நிலைநிறுத்தும் கட்டளைச்சட்டத்தை ஆங்கிலேய ஆட்சி 1856இலே இயற்றிற்று. வட்டவிதானையின் சொல்லுக்கு வயலிற் கட்டுப்பட்டுப் பழகிய நம் உழவருக்கு அது புதுமையன்று. குடிநீரின் தூய்மையைக் குறித்துச் சட்டம் பேசத் தொடங்கியது பின்னரேயாம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பொது ஊற்றையோ நீர்நிலையையோ கெடுப்பதைக் குற்றமாக்கிற்று. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பொதுத் தொல்லையை அகற்றுமாறு கட்டளையிடும் அதிகாரத்தை நீதவானுக்கு அளித்தது. தண்டனையும் தடையும் இவ்வாறு கிடைத்தன; கெட்ட கிணற்றுக்கு ஈடு கிடைக்கவில்லை.

ஈடு வேண்டுவோர் உரோமன் - டச்சுச் சட்டத்தின் வழியே மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டியிருந்தது. அங்கே தீங்கு செய்தவர் இன்னார் என்பதையும், அவரது தவறினாலேயே தீங்கு விளைந்தது என்பதையும், நட்டம் இவ்வளவு என்பதையும் வழக்காளியே நிறுவவேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம், நட்டத்துக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரவேண்டுமெனவும் விதித்தது. மண்ணுக்கடியில் நீர் நகர்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே தனியொரு குடியானவர் ஓர் ஆலைக்கு எதிராக இவற்றையெல்லாம் மெய்ப்பிப்பது ஏட்டளவிலே இயலுவதாயும் நடைமுறையிலே அரிதாயும் இருந்தது.

இந்நிலையிலேதான் நமது மாவட்டத்துக்குப் பெருங்கைத்தொழில் வந்தது. வாழைச்சேனைக் காகித ஆலை 1956இலே தொடங்கிற்று. வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்ட அவ்வாலை, பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. நாடெங்கும் மாணவர் கைகளுக்குத் தாள் தந்தது. அதனை நாம் நன்றியுடனேயே நினைத்தல் வேண்டும். ஆயினும் வைக்கோலை இரசாயனத்தில் வேகவைத்துக் கூழாக்கிய பின் எஞ்சிய கழிவுநீர் அயலிலுள்ள வாவியிலே சேர்ந்தது. அக்காலத்திலே, கழிவை வெளியேற்றுமுன் உரிமம் பெறுக என்று கூறும் சட்டம் நாட்டில் இருக்கவில்லை. அத்தகைய சட்டத்துக்கு அடித்தளமிட்ட தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல், அதாவது ஆலை தொடங்கி இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னரே பிறந்தது. ஆலை முன்னும் சட்டம் பின்னுமாக வந்த இவ்வரிசை நமது கைத்தொழில் வரலாற்றின் பொதுவான குறையெனலாம்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையை நிறுவிற்று. 1988ஆம் ஆண்டின் திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என்னும் ஏற்பாட்டைப் புகுத்திற்று. கழிவை வெளியேற்றும் தொழிலகம் உரிமம் பெறவும், அதன் நிபந்தனைகளுக்கு அமையவும் கடமைப்பட்டது. கேடு குறைந்த சிறு தொழில்களுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இதனால் வழக்கின் வடிவமே மாறிற்று. முன்னர், ஆலையின் தவறை ஊரவர் நிறுவவேண்டும். இப்பொழுதோ, உரிமம் எங்கே என்று வினவினாற் போதும், ஆலையும் அதிகாரசபையும் விடை கூறியாகவேண்டும்.

இதனோடு இணைந்து வளர்ந்தது அடிப்படை உரிமை வழக்கு. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே தூய நீருக்கான உரிமை தனியாகக் கூறப்படவில்லை. சுற்றாடலைக் காப்பது அரசின் கடமையென 27ஆம் உறுப்புரை கூறினும், அது நெறிப்படுத்தும் கோட்பாடேயன்றி நேராக வழக்காடத்தக்க உரிமையன்று. ஆயினும் சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12ஆம் உறுப்புரையைக் கொண்டே உயர் நீதிமன்றம் வழி கண்டது. எப்பாவல பொசுபேற்றுப் படிவை வெளிநாட்டு நிறுவனமொன்றுடன் சேர்ந்து அகழும் திட்டத்தை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடர்ந்த வழக்கிலே, 2000ஆம் ஆண்டு யூன் மாதம் தீர்ப்பு வழங்கிய நீதியரசர் அமரசிங்க, நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு உரிமையாளனன்று, மக்களுக்காக அதனைப் பேணும் பொறுப்பாளனே என்னும் கருத்தை வலியுறுத்தினார். மன்னன் நிலத்தின் காவலனேயன்றி உடைமையாளனல்லன் என்று மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்கு உரைத்ததாக வழங்கும் பழைய செய்தியும் அத்தீர்ப்பிலே இடம்பெற்றது. பழமையான ஓர் அறம் புதிய சட்டமாக உருப்பெற்ற தருணம் அது.

இவ்வழிகள் யாவும் ஒருங்கே சோதிக்கப்பட்ட களம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகமாகும். சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே ஓடும் நிலத்தடி நீரன்றி வேறு பெரிய நீர்வளம் குடாநாட்டுக்கு இல்லை. சுன்னாகத்து அனல் மின்நிலையத்தின் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளின் நீரைச் சோதித்தபோது 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் நியம அளவை மிஞ்சியிருந்தன. மக்கள் முதலில் அண்மையிலுள்ள மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தைப் பொதுத் தொல்லை என்னும் பழைய வழியினாலேயே அணுகினர். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மின் உற்பத்தியை நிறுத்துமாறு அந்நீதிமன்றம் கட்டளையிட்டது. 1898இலே திறந்த கதவு, 1979ஆம் ஆண்டின் புதிய சட்டக்கோவையிலும் மூடப்படாமல் நின்று, இவ்வாறு உதவிற்று.

அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை மனுவொன்று தாக்கலாயிற்று. அதனைத் தொடர்ந்த கலாநிதி ரவீந்திர குணவர்தன காரியவசம் சுன்னாகத்தவரல்லர். பொதுநலன் கருதி முன்வந்த சூழலியலாளர். நோர்தேர்ன் பவர் என்னும் தனியார் நிறுவனத்தோடு, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, முதலீட்டுச் சபை முதலிய அரச நிறுவனங்களும் எதிர்மனுதாரராயின. அவ்விடத்திலே முன்னர் இயங்கிய மின்நிலையத்தின் பழைய கழிவே காரணமாகலாம் என்ற வாதமும் எழுந்தது. 2019 ஏப்பிரல் 4ஆம் நாள் நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு, மாசின் ஒரு பகுதிக்கேனும் அந்நிறுவனம் பொறுப்பு எனக் கண்டது. கண்காணிக்கவேண்டிய அரச நிறுவனங்கள் கடமை தவறியமை மக்களின் சமத்துவ உரிமையை மீறுவதாகும் எனவும் கூறிற்று. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்னும் கொள்கையின்படி 20 மில்லியன் ரூபா செலுத்துமாறு நிறுவனம் பணிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோரில் ஒருவருக்கு உச்ச அளவு 40,000 ரூபா. கிணற்றை இழந்த குடும்பத்துக்கு இத்தொகை சிறிதே. எனினும் தனியார் நிறுவனமொன்று நிலத்தடி நீருக்காக ஊர் மக்களுக்கு ஈடு செலுத்தவேண்டும் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம் விதித்தமை சிறிய செய்தியன்று.

இவ்வெற்றியை மிகைப்படுத்தலும் ஆகாது. ரத்துபஸ்வல மக்கள் தம் கிணற்று நீர் அமிலமாயிற்று என 2013 ஒகஸ்ட் 1ஆம் நாள் வீதியில் இறங்கியபோது, படையினரின் துப்பாக்கிச் சூட்டுக்கு மூவர் பலியாயினர். அதிகாரிகளின் செவி உரிய காலத்தில் திறந்திருப்பின் அவ்வுயிர்கள் வீதிக்கு வந்திரா. தமிழகத்து வேலூர் மாவட்டத்திலே, பாலாற்றையும் கிணறுகளையும் தோற்பதனிடும் ஆலைகள் கெடுத்தமை தொடர்பாக இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கிற்று. அதே மாசு குறித்து 2025இலும் அந்நீதிமன்றம் மீண்டும் கட்டளையிட நேர்ந்தது. தீர்ப்பு ஈட்டைத் தரும். கெட்ட நீரை அது தானே நன்னீராக்காது.

எனவே வரலாறு நமக்குக் காட்டும் உண்மை யாது? வழிகள் இல்லாமையால் மக்கள் தோற்பதிலும், சான்றும் காலமும் கைநழுவுவதால் தோற்பதே மிகுதி. சுன்னாகத்து வழக்கின் முதுகெலும்பு 150 கிணறுகளின் சோதனை முடிவேயன்றி வழக்கறிஞரின் நாவன்மை மட்டுமன்று. அடிப்படை உரிமை மனுவை மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துள் தாக்கல் செய்தல் வேண்டும் என்பது 126ஆம் உறுப்புரையின் விதி. அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கிற் சேராது என 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது; ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமோ நம் நகரிலேயே உள்ளது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ஒரு தொழிலகத்தின் உரிமத்தையும் நீர்ச் சோதனை அறிக்கையையும் எக்குடிமகனும் கேட்டுப் பெறலாம். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. உடனடி ஆபத்தாயின் நீதவான் நீதிமன்றமே அண்மையான வாயில்.

ஆயினும் இவ்வாயில்கள் அனைத்திலும் முதற்கண் கேட்கப்படும் வினா ஒன்றே: முன்னர் உங்கள் நீர் எவ்வாறிருந்தது? சென்ற விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது, எங்கள் வளவுக் கிணற்று நீர் எப்போதாவது சோதிக்கப்பட்டதுண்டா என்று அம்மம்மாவிடம் வினவினேன். "வாயில விட்டாத் தெரியாதா, மனே" என்று சிரித்தார். உவர்ப்பு நாவுக்குத் தெரியும். உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று நாவுக்குத் தெரியாது. அதனை லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அவ்வளவைத் தாண்டினும் நீர் தெளிவாகவும் இனிப்பாகவுமே இருக்கும். அம்மம்மாவின் நா ஐம்பது ஆண்டு அனுபவமுடையது. ஆனால் நீதிமன்றம் அதனைச் சான்றாக ஏற்குமா?

ஆகவே ஊர்தோறும் கிணற்றுப் பதிவேடொன்று வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், தேர்ந்தெடுத்த சில கிணறுகளின் நீரைச் சோதித்து நாளும் அளவும் குறித்துவைத்தல் பெருஞ்செலவான காரியமன்று. பாடசாலைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கோயில், பள்ளிவாசல் பரிபாலன சபைகளும் இதனைச் செய்யலாம். பல்கலைக்கழக மாணவராகிய நாமும் கைகொடுக்கலாம். மணலின்மேல் எண்ணெய் சிந்திய பின்னர் எழுதப்படும் முறைப்பாட்டிலும், சிந்துமுன் எழுதப்பட்ட ஒரு வரி வலியது. வயல் நீரின் பங்கைத் தவறாது கணக்கிட்ட முன்னோரின் வழிவந்த நாம், வீட்டு நீரின் தூய்மையையும் கணக்கிடப் பழகுவோமாயின், சட்டம் திறந்துவைத்த வழிகளிலே நம்மவர் வெறுங்கையராய் நிற்க நேராது.