அவிட்டம், புதன்கிழமை

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை யோகர் சுவாமி 1964 மார்ச்சில் சமாதியானபோது அவருக்கு வயது 91. அடியார் எவருக்கும் இதில் ஐயமில்லை. முதுமை ஆய்வில் இருப்பவனுக்கோ ஐயம்தான் பிழைப்பு. "சுவாமியின்ரை வயசையும் சோதிக்கப் போறியளோ தம்பி?" என்று ஆச்சிரமத்தடியில் ஒரு பெரியவர் கேட்டார். "ஓம் ஐயா" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

நீண்ட ஆயுளின் இரகசியம் தேடுவோர் நூறைக் கடந்தவர்களின் இரத்தத்தையும் மரபணுவையும் சாப்பாட்டையும் ஆராய்கிறார்கள். (நம்மவர் ஒடியற்கூழுக்கே முழுப் புகழையும் கொடுத்துவிடுவார்கள்.) ஆனால் வயதே பொய்யென்றால்? பதிவுகள் சீர்கெட்ட இடங்களிலேயே அதிமுதியவர்கள் குவிகிறார்கள் என்று காட்டிய சால் நியூமனுக்கு 2024இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. 122 ஆண்டுகள் வாழ்ந்த பிரான்சின் ஜான் கல்மோவை உலகம் ஏற்றுக்கொண்டது அவர் முகத்தைப் பார்த்தல்ல, ஞானஸ்நானப் பதிவையும் குடிசன மதிப்பீட்டுத் தாள்களையும் பார்த்து.

இலங்கையில் பிறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1867இல். அது கட்டாயமானது 1897இல். சுவாமி மாவிட்டபுரத்தில் பிறந்த 1872 இந்த இடைவெளிக்குள் விழுகிறது. பதியாமல் விடவும் இடமிருந்த காலம். ஆகவே சாதகக் குறிப்பின் பக்கம் திரும்பினேன்.

அங்கே வேறொரு பொறி. ஆங்கிரச வருடம் என்று மட்டும் இருந்தால் அது 1812ஆ, 1872ஆ, 1932ஆ? அறுபது வருடச் சக்கரம் ஒரு சுற்றுப் பிசகினால் நாற்பது வயதுக்காரர் நூறு வயதுக்காரராகிவிடுவார். பலர் 'நூற்றாண்டு' கண்டது இப்படித்தான் என்பது என் சந்தேகம்.

சுவாமியின் வரலாற்றில் 1872 மே 29, புதன்கிழமை, அவிட்டம் என்றிருக்கிறது. திகதி, கிழமை, நட்சத்திரம் மூன்றும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கக்கூடிய சாட்சிகள். மே 29 புதன்தான். அந்த மாதப் பௌர்ணமி 23ஆம் திகதி விடியற்புறம், அனுஷத்தில். அங்கிருந்து விரல்விட்டேன்: 24 கேட்டை, 25 மூலம், 26 பூராடம், 27 உத்தராடம், 28 திருவோணம், 29 அவிட்டம். மரணப் பக்கத்தையும் பார்த்தேன். குருபூசை பங்குனி ஆயிலியத்தில் வருகிறது. 1964 மார்ச் 24 அதிகாலை சந்திரன் நின்றதும் ஆயிலியத்தில்தான்.

இது பிறப்புச் சான்றிதழுக்கு ஈடாகாது. திகதி தெரிந்த எவரும் பின்னாளில் நட்சத்திரத்தைக் கணித்து எழுதிவிடலாம். ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆங்கிலத் திகதிக்கு முன்னே நினைவில் நிற்பது மாதமும் நட்சத்திரமும்தான். கோயில் அர்ச்சனைக்கு அவைதான் வேண்டும். நினைவில் இருந்ததும் வானத்தில் இருந்ததும் பொருந்துகின்றன. 91 நிற்கிறது என்பதே என் தீர்ப்பு.

இப்படிச் சோதிக்கப் பழைய குறிப்புகள் கைக்குக் கிடைக்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதன்பின் இடம்பெயர்வுகளில் எத்தனையோ பெட்டகங்கள் பின்தங்கின. மிச்சம் இருப்பவை வீடுகளில்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டில் 1897க்கு முந்திய சாதக ஓலையோ குறிப்புக் கொப்பியோ இருந்தால், கரையானுக்கு விடாமல், பழைய ஆவணங்களை மின்வடிவாக்கும் 'நூலகம்' நிறுவனத்திடம் காட்டி ஒரு மின்பிரதி எடுத்து வையுங்கள். எழுத்து வாசிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.