புயலுக்காக மூடப்பட்டுள்ளது

நம்ம ஊர்ல அரிக்கேன்னு சொன்னா பாட்டி வீட்டு விளக்குதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் இருக்கிற நம்ம ஆட்களைக் கேளுங்க, வேற கதை சொல்வாங்க. லேபர் டே லாங் வீக்கெண்டுக்கு மூணு மாசம் முன்னாடியே டிஸ்னி டிக்கெட், ஓட்டல், ஃப்ளைட் எல்லாம் போட்டாச்சு. குழந்தைக்கு மிக்கி மவுஸ் காது வச்ச தொப்பி கூட வாங்கியாச்சு. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது டிவி வரைபடத்தில் ஒரு வெள்ளைக் கூம்பு வந்து புளோரிடா மேல உட்காரும். அவ்வளவுதான், டூர் அம்பேல்!

இது வெறும் துரதிர்ஷ்டம் இல்லை. அட்லாண்டிக் சூறாவளி சீசன் ஜூன் 1ல் ஆரம்பித்து நவம்பர் 30 வரை ஓடும். உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் திறந்து, பூங்காக்களில் கூட்டம் குறைந்து, ஓட்டல் வாடகை இறங்குவதும் ஏறக்குறைய அதே சமயம்தான். நம்மாளு மலிவைப் பார்த்து புக் பண்ணுவான், புயலும் அதே தேதியைப் பார்த்து புக் பண்ணும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1963 நவம்பர் 22. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் கட்டி ஜெயித்த வால்ட் டிஸ்னி, இரண்டாவது பூங்காவுக்கு இடம் தேடி புளோரிடா மேலே விமானத்தில் சுற்றினார். ஆர்லாண்டோ பக்கத்து சதுப்பு நிலமும், அங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் நெடுஞ்சாலைகளும் அவருக்குப் பிடித்துப்போனது. விமானம் அன்றைக்குப் போய் இறங்கியது நியூ ஆர்லியன்ஸில். அங்கேதான் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அவருக்குத் தெரிந்தது. ஆர்லாண்டோ, நியூ ஆர்லியன்ஸ் - இந்த ரெண்டு ஊரையும் ஞாபகம் வச்சுக்கங்க. மிச்சக் கதை இந்த ரெண்டு ஊரில்தான்.

ஆர்லாண்டோவில் டிஸ்னி கம்பெனி பினாமி கம்பெனிகள் பெயரில் சுமார் 27,000 ஏக்கர் வாங்கியது. கடற்கரையிலிருந்து கார் போனால் ஒரு மணி நேர தூரம். அதனால் கடல் உள்ளே புகுந்து அடிக்கும் பயம் இல்லை. ஆனால் நிலம் முக்கால்வாசி சதுப்பு, ரெண்டடி தோண்டினால் தண்ணீர். இதைச் சரிபண்ண வந்தவர் ஜோ பாட்டர். ராணுவ இன்ஜினியர், ஒருகாலத்தில் பனாமா கால்வாய்ப் பகுதிக்கு ஆளுநராக இருந்தவர். தண்ணீரோடு பழகிய கை.

அவர் தலைமையில் 55 மைலுக்குக் கால்வாயும் கரையும் போட்டார்கள். என் இன்ஜினியர் மூளைக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம் அந்த மதகுகள்தான். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். தண்ணீர் மட்டம் ஏறினால் மதகு தானே திறக்கும், இறங்கினால் தானே மூடும். புயலில் முதலில் போவது கரண்ட் என்று தெரிந்து வடிவமைத்த சிஸ்டம். மேஜிக் கிங்டம் கட்டும்போது எதிரே பெரிய ஏரி வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி நிலத்தை உயர்த்தினார்கள். சுரங்கப்பாதை தோண்ட முடியாத நிலம் என்பதால் சுரங்கத்தைத் தரைமட்டத்தில் கட்டி, அதன் தலைமேல் பூங்காவைக் கட்டினார்கள். அங்கே கோட்டைக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கும்போது நாம் நிற்பது உண்மையில் முதல் மாடியில்!

பூங்கா திறந்தது 1971 அக்டோபர் 1. சூறாவளிக்காக முதல்முறையாக நாள் முழுக்க மூடியது 1999 செப்டம்பர் 15, ஃப்ளாய்ட் வந்தபோது. கடற்கரை மாநிலங்களில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் காரைக் கிளப்ப, நெடுஞ்சாலைகள் பார்க்கிங் லாட் ஆயின. ஃப்ளாய்டோ புளோரிடாவைத் தொடாமல் வடக்கே திரும்பி, வட கரோலினாவில் கரையேறியது. "சும்மா மூடி டூரைக் கெடுத்துட்டானுங்க" என்று அன்றைக்குப் பலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் வட கரோலினாவில் கடலுக்கு ரொம்ப உள்ளே இருந்த ஊர்களில் மழை வெள்ளத்தில் பலர் செத்தார்கள். ஆளைக் கொன்றதில் பெரும்பங்கு காற்றுக்கு இல்லை, தண்ணீருக்கு.

2004 இன்னும் மோசம். ஆகஸ்ட் 13ல் சார்லி. டாம்பாவுக்குத்தான் போகும் என்று பயந்து அங்கிருந்து பலர் ஆர்லாண்டோ ஓட்டல்களுக்கு வந்து தங்கினார்கள். சார்லி கடைசி நேரத்தில் வலது பக்கம் திரும்பி, தெற்கே கரையேறி, நேராக ஆர்லாண்டோ வழியாகவே போனது. ஓடி வந்தவர்களைத் தேடி வந்த மாதிரி. செப்டம்பர் 5ல் ஃப்ரான்சிஸ், லேபர் டே வாரக்கடைசி காலி. செப்டம்பர் 26ல் ஜீன், ஃப்ரான்சிஸ் கரையேறிய இடத்துக்குப் பக்கத்திலேயே. ஆறு வாரத்தில் மூணு தடவை கதவு மூடியது. பிறகு 2016ல் மேத்யூ, 2017ல் இர்மா, 2022ல் இயன், 2024ல் மில்டன். ஒவ்வொரு தடவையும் ஓரிரு நாள்தான், திறந்துவிட்டார்கள்.

அந்த ஓரிரு நாள் உள்ளே என்ன நடக்கும்? விருந்தாளிகள் ஓட்டல் அறையில். ஏர்போர்ட்டும் மூடியிருக்கும், எங்கேயும் போக முடியாது. லாபியில் மிக்கி வேஷக்காரர் வந்து குழந்தைகளோடு விளையாடுவார். இதுக்காகவே 'ரைட் அவுட்' குழு என்று ஊழியர்கள் வீட்டை விட்டுவிட்டு, பாயும் தலையணையுமாக வந்து வேலையிடத்திலேயே தங்குவார்கள். 2022ல் இயன் போனதும் பூங்காக்கள் செப்டம்பர் 30லேயே திறக்க ஆரம்பித்துவிட்டன. ஆனால் பக்கத்து கிஸ்ஸிமியில் தெருக்களில் வெள்ளம், படகு வைத்து ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தார்கள். டிஸ்னியில் வேலை பார்க்கிறவர்கள் நிறைய பேர் குடியிருக்கும் பக்கம் அது. ஜோ பாட்டரின் கால்வாய் பூங்காவைக் காப்பாற்றியது. வேலி தாண்டி அவர் போடவில்லை.

இப்போ நியூ ஆர்லியன்ஸ். நகரத்தின் கிழக்கே, தாழ்வான நிலத்தில் 2000 மே மாதம் ஜாஸ்லேண்ட் என்ற பூங்கா திறந்தது. 2002ல் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கம்பெனி எடுத்து நடத்தியது. டிஸ்னி மாதிரி உலகம் முழுக்க இருந்து வருகிற இடம் இல்லை, உள்ளூர்ப் பிள்ளைகள் வாரக்கடைசியில் போகிற இடம். 2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா வருகிறது என்று மூடினார்கள். வாசல் பலகையில் எழுதினார்கள்: புயலுக்காக மூடப்பட்டுள்ளது.

ஆகஸ்ட் 29ல் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரத்தில் 80 சதவீதம் தண்ணீருக்குள். மொத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தாழ்வான நிலம், தண்ணீரை வெளியேற்றப் பம்பைத்தான் நம்பணும். பம்புகள் நின்றுபோயின. பூங்காவைச் சுற்றித் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் போட்ட மண்கரை, வந்த தண்ணீர் வெளியே போகாமல் பிடித்து வைத்தது. கிண்ணம் மாதிரி. உப்புத்தண்ணீர் வாரக்கணக்கில் நின்று, ராட்டினங்களின் மோட்டாரையும் வயரையும் அரித்துத் தின்றது. உயரத்தில் இருந்த பேட்மேன் ரோலர் கோஸ்டரைக் கழற்றிக்கொண்டு போய் டெக்சாஸில் மாட்டினார்கள், 2008ல் அங்கே ஓடத் தொடங்கியது. மிச்சத்தில் பெரும்பாலானவை அப்படியே நின்றன. சினிமாக்காரர்கள் வந்து ஷூட்டிங் நடத்தினார்கள், 2015ல் வந்த ஜுராசிக் வேர்ல்ட் உட்பட. இடிக்கும் வேலை தொடங்கியது 2024ல். ரெண்டு நாளுக்குன்னு எழுதி வைத்த அந்தப் பலகை வருஷக்கணக்காக அப்படியே நின்றது.

ரெண்டும் புயல் அடிக்கிற நாடு, ரெண்டும் ஈர நிலம். புயலின் அளவும் பாதையும் வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பூங்கா ரெண்டு நாளில் திறப்பதும் இன்னொன்று திறக்காமலே போவதும், முதல் டிக்கெட் விற்பதற்கு ரொம்ப முன்னாடி, மண்ணுக்கடியில் தண்ணீருக்கு வழி விட்டார்களா இல்லையா என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு ராட்டினம் தெரியும், மதகு தெரியாது.

கடைசியா, செப்டம்பரில் போகிற மக்களுக்கு ரெண்டு வார்த்தை. நீங்கள் போய்ச்சேரும் நாளுக்கு முந்தைய 7 நாளுக்குள் ஆர்லாண்டோ பகுதிக்கோ உங்கள் ஊருக்கோ சூறாவளி எச்சரிக்கை வந்தால், டிஸ்னியிடம் நேரடியாக புக் பண்ணியதை டிஸ்னியின் கட்டணம் இல்லாமல் தள்ளிப்போடலாம், ரத்தும் பண்ணலாம். ஃப்ளைட் அந்தக் கணக்கில் வராது. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுப்பதாக இருந்தால் புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னாடியே எடுத்துடுங்க, பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது. அப்படியும் மாட்டிக்கிட்டு, கதவு மூடிட்டாங்கன்னா, குழந்தை அழுதாலும் நீங்க அழாதீங்க. ரெண்டு நாளில் திறக்கிற கதவு அது.