தரங்கம்பாடியில் கூடியவர்கள்

பேகம்பூர் அடங்கிய திண்டுக்கல் வட்டாரத்தில் புராட்டஸ்டண்ட் சபைகளை வளர்த்தது அமெரிக்க மதுரை மிஷன். அதற்குப் பேராயர் இல்லை. திருநெல்வேலியின் ஆங்கிலிக்கன் சபைக்கோ பேராயரே தலைவர். ஒரே வேதம் ஓதியும் ஒரே பந்தியில் அப்பம் பெறாத நிலை அது.

இதற்கு மனம் நொந்த பேராயர் அசரியா முதலிய 33 பேர் 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடினர், பெரும்பாலோர் இந்தியர். பேராயரிடம் குருப்பட்டம் பெறாத போதகர் மீண்டும் பட்டம் பெற வேண்டுமா என்பதே கடும் பூசல். அது தன்மானத்தைத் தொட்ட வினா என்பேன். வேண்டுவதில்லை, இனிப் பட்டம் பெறுவோர்க்கே பேராயர் கை வைப்பார் என இணங்கி, சபைகள் ஒன்றுசேர 28 ஆண்டுகள் சென்றன.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைக் காண அசரியா இல்லை, 1945இல் மறைந்துவிட்டார். தரங்கம்பாடியின் லுத்தரன் சபையோ இன்றும் தனித்தே நிற்கிறது.