நைனியப்ப பிள்ளையும் தானியேலும்

தமிழில் 'விசுவாசம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கோயிலில் அந்தச் சொல்லைக் கேட்டால் தெய்வ நம்பிக்கை. வேலை பார்க்கும் இடத்தில் கேட்டால் எஜமான விசுவாசம். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் இருக்கும் வரை யாருக்கும் கவலையில்லை. எஜமானே ஒருநாள் "இரண்டில் ஒன்றை விடு" என்று சொல்லிவிட்டால்தான் மனிதன் யார் என்று தெரியும்.

பழைய ஏற்பாட்டில் வரும் தானியேலுக்கு அப்படி ஒரு நாள் வந்தது. பாபிலோன் அரசன் நெபுகத்நேசர் எருசலேமை வென்று, யூத இளைஞர்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோனான். அவர்களில் ஒருவர் தானியேல். அந்நிய அரண்மனையிலேயே வளர்ந்து, ராஜாங்க உத்தியோகத்தில் உயர்ந்தார். தாரியு அரசனின் காலத்தில் நாட்டை 120 அதிகாரிகள் நிர்வகித்தார்கள். அவர்களுக்கு மேல் மூன்று பேர். அந்த மூவரில் தானியேல் ஒருவர்.

மற்றவர்களுக்குப் பொறாமை. அவர் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள், ஒரு குற்றமும் அகப்படவில்லை. இவரை மாட்டிவிட அவருடைய வேதத்தை விட்டால் வேறு வழியில்லை என்று முடிவு செய்தார்கள். 30 நாளைக்கு அரசனைத் தவிர வேறு யாரிடமும், எந்தத் தெய்வத்திடமும் வேண்டுதல் செய்யக்கூடாது, மீறினால் சிங்கக் குகை என்று ஒரு கட்டளை வாங்கினார்கள். தானியேல் அதை அறிந்த பிறகும் வீட்டுக்குப் போய், எருசலேமை நோக்கிய ஜன்னல் திறந்திருக்க, வழக்கம்போல மூன்று வேளையும் ஜெபம் செய்தார்.

நான் கவனிப்பது அந்த 'வழக்கம்போல' என்பதைத்தான். அவர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. அரசனை எதிர்த்துக் கூட்டம் சேர்க்கவில்லை. நேற்றுச் செய்ததை இன்றும் செய்தார், அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்திவிட்டுக்கூடச் செய்திருக்கலாம். சாத்தவில்லை.

நம் புதுச்சேரியில் இதே போன்ற நிலையில் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியான நைனியப்ப பிள்ளை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்குத் துய்ப்ளேக்ஸைத் தெரியும், லா பூர்தொனேயைத் தெரியும். நைனியப்ப பிள்ளையை வகுப்பில் கேள்விப்பட்டதில்லை.

துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரர். ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு நிற்காது. கும்பினிக்குத் துணி வேண்டும், துணிக்கு வியாபாரிகளும் நெசவாளர்களும் வேண்டும், அவர்களுக்கு முன்பணம் வேண்டும், அக்கம்பக்கத்து நவாபுகளோடும் பாளையக்காரர்களோடும் நட்பு வேண்டும். இவை எல்லாம் துபாஷியின் கை வழியாகத்தான் நடந்தன. கவர்னர் எபேர் காலத்தில் 1708 வாக்கில் அந்தப் பதவிக்கு வந்தவர் நைனியப்ப பிள்ளை. அவரால் கும்பினி வியாபாரம் நடந்தது.

ஆனால் அவர் இந்து. ஒரு கிறிஸ்தவ அரசின் ஊரில் முதல் இடத்தில் இந்து இருக்கலாமா என்று சேசு சபைப் பாதிரிமார் கேட்டார்கள். அவர்களுடைய புகார் கடல் கடந்து பிரான்சுக்குப் போனது. நைனியப்ப பிள்ளைக்கு ஆறு மாதத் தவணை தரவேண்டும், அதற்குள் அவர் ஞானஸ்நானம் பெறாவிட்டால் அந்த இடத்தில் ஒரு கிறிஸ்தவரை வைக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. தானியேலுக்கு 30 நாள், இவருக்கு ஆறு மாதம்.

தவணை கழிந்தது. அவர் மதம் மாறவில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். தம் வீட்டு விசேஷத்தில் ஏழைக் கிறிஸ்தவர்களுக்கும் சோறு போட்டு, அவர்களுக்கு ஜெபமாலையும் வாங்கிக் கொடுத்தவர் அவர். அடுத்தவர் வேதத்தின் மேல் அவருக்கு வெறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. இதையும் பாதிரிமார் ஒரு குற்றமாகவே எழுதினார்கள்.

எபேர் இடையில் பதவி இழந்து பிரான்சு போய், 1715இல் திரும்பி வந்தார். முன்பு நைனியப்ப பிள்ளையை ஆதரித்தவர், இப்போது பாதிரிமார் பக்கம். 1716 பிப்ரவரியில் நைனியப்ப பிள்ளை கைதானார். ஊர் மக்களைக் கும்பினிக்கு எதிராகத் தூண்டிவிட்டார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பவை குற்றச்சாட்டு.

விசாரணை நடந்த விதத்தைப் படித்தபோது, ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்த எனக்குப் பகீர் என்றது. மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தவர் பாதிரிமாரின் தலைமை உபதேசியாருடைய மகன். வாக்குமூலம் பிரெஞ்சில் எழுதப்பட்டது. நைனியப்ப பிள்ளைக்குத் தமிழ் தெரியும், போர்த்துகீசு தெரியும், பிரெஞ்சு படிக்கத் தெரியாது. தம்மால் வாசிக்க முடியாத காகிதத்தின் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் மாதம் தீர்ப்பு. கடைத்தெருவில் எல்லாரும் பார்க்க 50 கசையடி, மூன்று வருஷச் சிறை, சொத்து பறிமுதல், பிள்ளைகள் ஊரைவிட்டு வெளியேற்றம். மறு வருஷம், 1717 ஆகஸ்டில், சிறையிலேயே இறந்துபோனார். தானியேலுக்குச் சிங்கங்களின் வாயைக் கட்ட தேவதூதன் வந்தார். இங்கே யாரும் வரவில்லை.

உயிர் போன பிறகு நியாயம் வந்தது. அவருடைய பிள்ளைகளும் உறவினர்களும் பிரான்சுக்கு முறையிட்டார்கள். அவரோடு வியாபாரம் செய்த சேன் மாலோ ஊர்ப் பிரெஞ்சு வணிகர்கள் துணை நின்றார்கள். பாரீஸ் வேதபோதக சபைக் குருமாரும் அவருக்காகப் பேசினார்கள் என்பதை மறக்கக்கூடாது. சேசு சபையாரோடு அவர்களுக்கு இருந்த போட்டியும் ஒரு காரணம்தான். ஆனாலும் ஒரு இந்துவுக்காகக் கத்தோலிக்கக் குருக்கள் எழுதிய காகிதங்கள் இன்றும் இருக்கின்றன. தீர்ப்பு ரத்தானது. எபேர் பதவி இழந்தார்.

அவருடைய மூத்த மகன் குருவப்பா கப்பலேறிப் பாரீஸ் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். நாட்டை நிர்வகித்து வந்த ஒர்லேயான் பிரபுவே ஞானத்தகப்பன். சேன் மிஷேல் விருதும் கிடைத்து 'ஷெவாலியே குருவப்பா'வாகத் திரும்பி வந்து, தகப்பனார் இருந்த அதே பதவியில் 1722இல் உட்கார்ந்தார். இரண்டே வருஷத்தில் காலமானார்.

தகப்பன் உயிரைக் கொடுத்தும் செய்யாததை மகன் செய்தார் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. குடும்பத்தின் பெயரை மீட்க அவர் கண்ட வழி அது. அவர் உள்ளம் நமக்குத் தெரியாது.

நைனியப்ப பிள்ளையின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை. அவருடைய மகன்தான் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. மாமா சிறைப்பட்டபோது அவருக்கு வயது ஏழு. 1746இல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்ததும், கிறிஸ்தவருக்கே அந்தப் பதவி என்ற பேச்சு மறுபடி எழுந்தது. துய்ப்ளேக்ஸ் கடைசியில் ஆனந்தரங்கரையே நியமித்தார். அவர் இந்துவாகவே இருந்தார். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது, சம்பாக் கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதைப் பார்த்த துக்கத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு, அதே எஜமானிடம் வேலையையும் தொடர்ந்தார். எருசலேம் ஆலயத்தை இடித்த அரசனிடம்தான் தானியேலும் உத்தியோகம் பார்த்தார். அது எவ்வளவு கசப்பான சோறு என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மூன்று பேரும் ஒரே குடும்பம். ஒருவர் மறுத்துச் செத்தார், ஒருவர் மாறி வென்றார், ஒருவர் மாறாமலும் விலகாமலும் சகித்தார். முடிவின் பலனை வைத்து அதன் தரத்தை எடைபோட்டால் நைனியப்ப பிள்ளை தோற்றவர். ஆனால் கசையடிக்கு முன்னும் பின்னும் அவர் ஒரே ஆளாக இருந்தார். தானியேலும் குகையிலிருந்து உயிரோடு வந்ததால் பெரியவர் ஆகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தபோதே பெரியவர்.

காலம் செய்த வேடிக்கை ஒன்று உண்டு. எங்கள் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மனுக்கு ஆடி ஐந்தாம் வெள்ளியில் தேர். அந்தத் தேரைப் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது வழக்கமாயிற்று. இன்று துணைநிலை ஆளுநர் அதைச் செய்கிறார். "உன் சாமியை விடு" என்று ஒரு துபாஷிக்கு ஆறு மாதத் தவணை வைத்த அதே அரசின் கவர்னர், பின்னாளில் மீனவர் ஊர் அம்மன் தேரின் வடத்தைக் கையில் பிடித்தார். அடுத்த ஆடியில் வடம் பிடிக்கப் போகிறவர்கள் நைனியப்ப பிள்ளையையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டால் நல்லது.