தோளைப் பிடித்த வேலையாள்

எங்கள் பிசியோதெரபி தொழிலுக்கு முன்னோடி யார் என்று கேட்டால், பெயர் தெரியாத ஒரு வேலையாளைத்தான் சொல்வேன். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் வரும் நோயாளிகள் ஆறே பேர். இருவரைத் தெருவில் தற்செயலாகக் கண்டு விசாரித்தார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அந்த ஒருவருக்கு ஓடத்தான் வரும், நடக்க வராது. வேலையாள் எதிரே நின்று அவருடைய இரு தோள்களையும் பிடித்துக்கொள்வார். அவர் முன்னும் பின்னும் மெல்ல அசைந்து, நிதானம் கிடைத்ததும் குரல் கொடுப்பார். உடனே வேலையாள் விலகி முன்னால் ஓடுவார். இருபது எட்டு ஓடி வந்து விழப்போகிறவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமே!

"காலு தரையில ஒட்டிக்கிச்சு" என்று நிற்பவர்களை இன்றும் இப்படித்தான் கிளப்புகிறோம். பக்கவாட்டில் அசையச் சொல்கிறோம், அதுதான் வித்தியாசம். உடம்பின் எடை ஒரு காலுக்கு மாறினால்தான் மறுகால் எழும்பும்.

நடையை மருத்துவர்கள் அளக்கத் தொடங்கியது பிறகுதான். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஜில் த லா தூரெத், நோயாளிகளின் உள்ளங்காலில் சிவப்பு இரும்பு ஆக்சைடு பொடியைப் பூசி, நீண்ட காகிதச் சுருளின்மேல் நடக்கவிட்டார். எட்டு எவ்வளவு குறுகியிருக்கிறது என்பது தாளில் பதிந்தது. 1886-இல் அது நூலாக வந்தது.

1967-இல் பர்டன் மார்ட்டின் என்ற அயர்லாந்து மருத்துவர் இன்னொன்றை எழுதினார். மூளையழற்சித் தொற்றில் பிழைத்து, நடக்க முடியாமல் உறைந்து நின்றவர்கள், தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் தாண்டி நடந்தார்கள்; போகும் திசையிலேயே நீளக்கோடு போட்டால் பலனில்லை. அதே காலத்தில் லெவோடோபா மருந்து வந்தது. விறைப்பும் மந்தமும் தணிந்தன. ஆனால் தடுமாறி விழுவதை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதனால் என் பையில் இன்றும் கலர் டேப் இருக்கிறது.

டேப் ஒட்டப் போன ஒரு வீட்டில், பெரியவர் கதவு நிலைக்கு நேரே நின்றுவிட்டார். அவர் மனைவி தன் பாதத்தைக் குறுக்கே நீட்டி, "தாண்டுங்க" என்றார். தாண்டிவிட்டார்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

"மாடிப்படி ஏறுறப்ப மட்டும் நல்லாக் காலைத் தூக்குறாரே, அதைப் பாத்துதான்."

இப்போதெல்லாம் பயிற்சி சொல்வதற்கு முன், "நின்னுட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று வீட்டாரிடம் கேட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்ததில் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கும்.