மூன்று மார் நீளத்தில் ஒரு படகு

முப்பது வருஷம் வரைபடப் பலகையின் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் நான். அதனாலோ என்னவோ, வரைபடமே இல்லாமல் கட்டிய பொருள்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. அதில் முதலிடம் கிரீன்லாந்தின் கயாக் படகுக்கு.

கயாக் என்றால் இன்று நினைவுக்கு வருவது கடற்கரை விடுதிகளில் வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் படகு. அதன் மூதாதை, மரச்சட்டத்தின் மேல் சீல் தோல் போர்த்திய வேட்டைப் படகு. ஒருவகையில் நம் ஒகேனக்கல் பரிசலுக்கு உறவு. பரிசலும் முன்பு மூங்கில் பின்னலும் மாட்டுத் தோலும்தான். ஆனால் பரிசலில் பலர் ஏறலாம். கயாக் ஒரே ஒருவருக்கு.

அந்த ஒருவரின் உடம்புதான் அளவுகோல். நம் பெரியவர்கள் சாண், முழம், மார் என்று அளந்தார்கள் இல்லையா? அதே மாதிரிதான். நீளம் ஏறக்குறைய மூன்று மார். அகலம், இடுப்பின் அகலத்தோடு இரண்டு கை முட்டி. அண்ணன் படகு தம்பிக்குச் சரிப்படாது.

மரம் வளராத ஊர் என்பதால், கடல் கொண்டுவந்து ஒதுக்கும் மரம்தான் சட்டத்துக்கு. மர ஆணிகளாலும் தோல் வாராலும் இணைப்பார்கள். இறுக்கமாகக் கட்டினாலும் அலைக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். தோல் தைப்பது பெண்கள் வேலை. ஊசி தோலின் மறுபக்கம் வராமல் பாதி ஆழத்திலேயே தையல் போடுவார்கள். அதனால் தண்ணீர் கசியாது. ஈரத்தோடு இழுத்துத் தைத்த தோல், காயும்போது மத்தளம் போல விறைக்கும். கணவன் உயிர் அந்தத் தையலில் இருந்தது என்றால் மிகையில்லை.

தோல் சில வருஷங்களில் நைந்துபோகும், மாற்றியாக வேண்டும். இதைக் குறை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படகு நிலைக்காததால்தான் வித்தை நிலைத்தது. ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி கட்டியே தீர வேண்டும். கட்டும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

இருபதாம் நூற்றாண்டில் கடல் வெப்பம் கூடி, தென்மேற்குக் கரையில் சீல் குறைந்து காட் மீன் பெருகியது. வேட்டைக்காரர்கள் மீனவர்களானார்கள். மோட்டார் படகு வந்தது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்க வேலையே இல்லாமல் போயிற்று. பல ஊர்களில் பழைய கயாக்கை அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடிந்தது.

1980களில் கிரீன்லாந்து இளைஞர்கள் விழித்துக்கொண்டார்கள். முதியவர்களிடம் கேட்டும் பழைய படகுகளை அளந்தும் மறுபடி கட்டினார்கள். சங்கம் வைத்தார்கள். கவிழ்ந்த படகை உட்கார்ந்தபடியே நிமிர்த்தும் வித்தைக்கு இன்றும் வருஷந்தோறும் போட்டி நடக்கிறது. வேறு நாடுகளிலும் கார் ஷெட்டில் வைத்து, தோலுக்குப் பதில் நைலான் துணி போர்த்தி, பலர் கட்டுகிறார்கள். அளவு மட்டும் இன்றும் அவரவர் கையும் இடுப்பும்தான்.

அவர்களுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள நாலு கிழவர்களாவது மிச்சம் இருந்தார்கள். இன்னும் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால், படகு அருங்காட்சியகத்தில் இருந்திருக்கும். கட்டத் தெரிந்த கை இருந்திருக்காது. நம் வயதுக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. நமக்குத் தெரிந்ததை, யாராவது வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், சொல்லிவைப்பது நல்லது.